ஒரு சாண் குறைந்த மெத்தை

அக்கா எந்த வாசலைத் தாண்டினாலும் தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்வாள். எங்கள் வீட்டுச் சமையலறை வாசல் தாழ்வானது, அங்கே குனிவதில் நியாயம் உண்டு. ஆனால் வங்கியின் கண்ணாடிக் கதவு இரண்டு ஆள் உயரம். அங்கேயும் குனிந்துதான் நுழைவாள். மருத்துவமனையில், நோயாளியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற பெரிய வாசலில்கூட அவள் குனிந்து நுழைந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்குடி சிரிக்கிற?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா."

அக்கா உயரம். அத்தானைவிட நான்கு விரல் உயரம். இதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கல்யாணப் போட்டோவில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அத்தான் பக்கத்தில் நிற்கிறார். பெண்கள் பிறந்த பிறகு எடுத்த போட்டோக்களில் யாராவது ஒருத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறாள். இடுப்பில் வைக்கிற வயதை அவர்கள் தாண்டிய பிறகு, ஒரு முழங்காலை மடக்கி நிற்கப் பழகிக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அவள் உடுப்புகளையெல்லாம் நான்தான் தைக்கிறேன். ஒரு பக்கத்து ஓரம் மட்டும் தரையில் பட்டு அழுக்காகி வரும். அதை வைத்து எனக்குத் தெரியும்.

அவளுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. வெட்டி வரும் ரொட்டியை அடுக்கி உறை போட வேண்டும். அந்த மேசை மற்றப் பெண்களின் இடுப்புக்குச் சரியாக இருக்கும், அக்காவுக்குத் தொடை அளவு. நாள் முழுக்கக் குனிந்து நின்று முதுகு பிடித்துக்கொண்டது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "ராத்திரி நல்லா நீட்டி, நேராப் படுங்க" என்றார். எங்கே நீட்டுவது? வீட்டுக் கட்டிலின் கால்மாட்டில் செதுக்கு வேலை செய்த பலகை ஒன்று இருக்கிறது. அக்கா காலை நீட்டினால் அதில் இடிக்கும், அத்தானின் கால் அதுவரை எட்டியதே கிடையாது.

அத்தானைப் பற்றியும் சொல்ல வேண்டும். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் இவருக்குத்தான் போன் வரும். தண்ணீரைக்கூட யாரையும் கேட்காமல் தானே எடுத்துக் குடிக்கிற நல்ல மனிதர். ஆனால் கதவு விஷயத்தில் மட்டும் அவரோடு குடித்தனம் நடத்துவது கஷ்டம். எந்தக் கதவைச் சாத்தினாலும் மறுபடி திறந்து, மறுபடி சாத்தி, காதைச் சாய்த்து ஒரு கணம் கேட்பார். பீரோவையும் அப்படித்தான் சாத்துவார், ஃப்ரிட்ஜையும் அப்படித்தான். "லிஃப்டுல கதவு ஒரு நூல் தெறந்திருந்தாலும் பெட்டி நகராது, தெரியுமில்ல?" என்பார். "இது ஃப்ரிட்ஜுங்க, எங்கயும் போகாது" என்று அக்கா சொல்வாள். அதற்குள் அவர் அடுத்த கதவுக்குப் போயிருப்பார்.

அவர்களிடம் ஏழு பேர் உட்காரும் வேன் ஒன்று உண்டு. இரண்டு பெண்கள், அவர்கள் பைகள், சைக்கிள், அவர்களுடைய தோழிகள் என்று ஒரு காலத்தில் அது நிரம்பி வழிந்தது. பெண்கள் இருவரும் வேலை கிடைத்து வேறு வேறு ஊருக்குப் போன பிறகு, காய்கறிப் பை ஒன்று பின் இருக்கையில் ராணி மாதிரித் தனியாக உட்கார்ந்து வந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "எங்க கம்பெனி டிரைவர் அவரு வேன்ல படுக்கை போட்டு வச்சிருக்காரு. லீவு நாள்ல குடும்பத்தோட ஏரிக்கரைக்குப் போயிடுறாங்க. அங்கயே சமைச்சு, அங்கயே தூங்கி, மறுநாள் வர்றாங்க."

"வெளிய போய்ப் படுக்கறதா? நமக்கென்ன வீடு வாசல் இல்லையா?" என்றார் அத்தான்.

"அந்தக் கட்டில் இல்லாத எடத்துல கால நீட்டி ஒரு நாள் படுக்கணும்ங்க. அவ்வளவுதான்."

அக்கா இதுவரை தனக்கென்று கேட்டு நான் பார்த்தது இதுதான். நகை கேட்டதில்லை, சுற்றுலா கேட்டதில்லை. கால் நீட்டக் கேட்டாள்.

அத்தான் கை கழுவப் போய்விட்டார். ஆனால் மறுநாள் காலையில், மாடியில் நான் இருக்கும் அறையின் ஜன்னல் வழியாக, தையல் மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தால், வேனின் எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. உள்ளே அத்தான் டேப்போடு தவழ்ந்துகொண்டிருந்தார். அக்காவின் ஆசை அன்றோடு அவருடைய வேலையாகிவிட்டது.

அதற்குப் பிறகு எங்களுக்கு வாரக் கடைசி என்று ஒன்று இருக்கவில்லை. ஏரிக்கரையில் கழிக்க வேண்டிய சனி ஞாயிறுகளை எல்லாம் அந்த வேனே தின்றது. பின் இருக்கைகளைக் கழற்றி வரவேற்பறையில் வைத்தார். வந்தவர்கள் எல்லாம் அதிலேயே உட்கார்ந்து பெல்ட்டைத் தேடினார்கள். பிளைவுட் வந்தது, தப்பான கனத்தில் வந்ததால் திரும்பிப் போனது, மறுபடி வந்தது. மரத்தூள் என் தையல் துணிவரை ஏறியது. திரைச்சீலை தைக்கச் சொன்னார், தைத்தேன். கம்பியை மேலே நகர்த்தியதால் நீளம் போதவில்லை என்றார், பிரித்துத் தைத்தேன். கம்பி மறுபடி கீழே வந்தது.

அடுத்த வீட்டுக்காரர் சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். அவருக்கு எங்கள் தெருவில் 'மைக் செட்' என்று பெயர். காதோடு ரகசியம் சொன்னாலும் கோடி வீடு வரை கேட்கும்.

"அண்ணே, ஒரு லிஃப்டையும் உள்ள வச்சிடுங்க! மேல மாடி எடுக்க வசதியா இருக்கும்!"

"நீ போய் உன் வீட்டுக் குழாய ஒழுகாம பாத்துக்க" என்று அத்தான் உள்ளிருந்தே சொல்வார்.

"குழாய் ஒழுகுனா துடைச்சுக்கலாம். நீங்க இப்படியே பண்ணிட்டிருந்தா அண்ணி தனியா பஸ் புடிச்சு ஏரிக்குப் போயிடுவாங்க!"

படுக்கைக்கு அளவு எடுத்த நாளில் நான் மாடியில் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அக்காதான் சொன்னாள். அத்தான் வேனின் வெறும் தரையில் தானும் படுத்து, அக்காவையும் பக்கத்தில் படுக்க வைத்து, எழுந்து அவள் கால் முடிகிற இடத்தில் சாக்கட்டியால் கோடு கிழித்திருக்கிறார். பார்த்தால் கோட்டுக்கும் முன் இருக்கைக்கும் நடுவில் ஒரு முழத்துக்கு மேல் இடம் மிச்சம். அத்தானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இவ்வளவு எடம் சும்மா கெடக்குதே! இங்க ஒரு அலமாரி போட்டா?"

அந்த அலமாரிதான் எல்லா வினைக்கும் காரணம். முன் இருக்கைகளுக்குப் பின்னால், வேனின் அகலம் முழுக்க ஒரு சின்னச் சமையலறையையே கட்டினார். நடுக்கதவைத் தள்ளித் திறந்து வெளியே நின்றபடி டீ போடலாம். அடுப்புக்கு ஒரு அறை, தட்டுக்கு ஒரு அறை, கண்ணாடி டம்ளர்கள் ஆடாமல் நிற்க வட்ட வட்டமாகத் துளை போட்ட ஒரு தட்டு, மேலே இழுப்பறைகள். பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து எடுத்த பொத்தான் பலகையையும் பொருத்தினார். ஒன்றாம் மாடிப் பொத்தானை அமுக்கினால் விளக்கு, இரண்டை அமுக்கினால் சின்ன மின்விசிறி. ஒவ்வொரு இழுப்பறையையும் இரண்டு முறை சாத்திக் காதைச் சாய்த்தார். 'டிக்' என்று சத்தம் வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெண்கள் பரீட்சையில் பாஸ் ஆனபோதுகூட அவ்வளவு மலர்ந்ததில்லை.

அலமாரிக்கும் பின்கதவுக்கும் நடுவில், கோட்டு அளவுக்குச் சரியாகப் படுக்கை. ஸ்பாஞ்ச் வெட்டி உறை தைத்துக் கொடுத்தேன்.

ஒருவழியாக ஒரு சனிக்கிழமை மதியம் கிளம்பினார்கள். மைக் செட் சுவர்மேல் ஏறி நின்று, "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க!" என்று கத்தியதில் மூன்று வீட்டு நாய்கள் குரைத்தன. அக்கா என்னைப் பார்த்துக் கையசைத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஊர் சுற்றக் கூட்டிப் போகிற நாளில் பிள்ளைகள் பஸ் ஜன்னலில் தெரிவார்களே, அந்த முகம்.

மறுநாள் சாயங்காலம் வருவதாகச் சொன்னவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். அக்கா இறங்கிய விதத்தைப் பார்த்ததும் மாடியிலிருந்து ஓடி வந்தேன். ஒரு கை வேன் கதவில், ஒரு கை இடுப்பில். கேட்டுக்குள் நுழையும்போது குனியவில்லை. ஏற்கெனவே குனிந்துதான் இருந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"தல பின்கதவுல முட்டுது, கால் அலமாரியில முட்டுது. கொஞ்சம் அசைஞ்சா டம்ளரெல்லாம் கிணுகிணுன்னு கத்துது. உங்கத்தான் 'ஆடாம படு, கிளாஸ் சத்தம் தூங்க விடல'ங்கிறாரு. ராத்திரி முழுக்கச் சுருண்டு கிடந்தேன். வீட்டுக் கட்டிலே தேவலாம்டி."

அத்தான் பின்னாலேயே வந்தார். "மெத்தை குட்டையாம். எப்படிக் குட்டையாகும்? இவளையே படுக்க வச்சுத்தானே கோடு போட்டேன்? வந்து பாரும்மா நீயே!"

மெத்தையைத் தூக்கிக் காட்டினார். சாக்கட்டிக் கோடு அப்படியே இருந்தது. பலகை கோட்டை ஒரு நூல்கூட மீறவில்லை.

"படு. இப்ப படுத்துக் காட்டு" என்றார் அக்காவிடம்.

அக்கா ஏறிப் படுத்தாள். அத்தானும் ஏறிப் பக்கத்தில் படுத்தார். படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தார். அக்காவின் பாதம் அலமாரியைத் தொடவில்லை. சரியாகக் கோட்டு அளவில் நின்றது.

"பாத்தியா? பாத்தியா? எங்க முட்டுது?"

அக்காவே குழம்பிவிட்டாள். "இப்ப முட்டலதான். ராத்திரி முட்டுச்சே..."

நான் பின்கதவுப் பக்கம் நின்றிருந்தேன். எனக்குப் பெரியவர்கள் பேச்சில் நுழைந்து பழக்கமில்லை, வயது நாற்பதைத் தாண்டியும். ஆனால் அங்கே நின்று பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அத்தான் பக்கத்தில் வந்து படுத்த உடனே, அக்காவின் முழங்கால் இரண்டும் துணிக்கடியில் மெல்ல மேலே எழும்பியிருந்தன. போட்டோவுக்கு நிற்கிற அதே மடக்கல். அவள் பாதமும் அவர் பாதமும் ஒரே வரிசையில் இருந்தன.

"அக்கா, முட்டியத் தூக்கியிருக்க" என்றேன்.

"இல்லியே. நீட்டித்தான இருக்கேன்."

நான் நடுக்கதவுப் பக்கம் சுற்றி வந்து, அவள் முழங்கால்மேல் கையை வைத்து அமுக்கினேன். கால் நீண்டது. பாதம் அலமாரியில் இடித்தது. உள்ளே டம்ளர்கள் எல்லாம் ஒன்றாகக் கிணுகிணுத்தன.

அக்கா தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ ஒருத்தியின் கால் தன் உடம்பில் ஒட்டியிருப்பது மாதிரி. பிறகு எழுந்து, குனிந்து, வேனைவிட்டு இறங்கினாள். முற்றத்தில் சிமெண்டுத் தரையில் நின்றாள். செருப்பை உதறினாள். இரண்டு காலையும் சேர்த்து, தோளைப் பின்னுக்குத் தள்ளி நிமிர்ந்தாள்.

"அந்த டேப்பை எடுத்துட்டு வாங்க. இப்ப அளங்க."

அத்தான் டேப்போடு வந்தார். நுனியை அவள் குதிகாலடியில் மிதிக்கக் கொடுத்துவிட்டு மேலே இழுத்தார். அவர் கண்ணுக்கு நேராக வந்தது அவள் உதடுதான். கையைத் தன் தலைக்கு மேலே தூக்கித்தான் அளக்க வேண்டியிருந்தது. டேப்பில் என்ன காட்டுகிறது என்று படிக்க நுனிக்காலில் எம்பினார்.

சுவர்மேல் மைக் செட் இருந்தார். இந்த மனிதர் இப்போது வாயைத் திறந்தால் தெரு முழுக்கக் கேட்கும்.

அவர் வாயைத் திறந்தார். "அண்ணே, ஸ்டூல் வேணுமா?"

யாரும் சிரிக்கவில்லை. அவரே சுவரிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

"இவ்வளவா?" என்றார் அத்தான், டேப்பைப் பார்த்துக்கொண்டே. "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"எத்தன வருஷமா பக்கத்துலயேதானங்க நிக்கிறேன்?"

அத்தான் டேப்பை விட்டார். அது சர்ரென்று சுருண்டு பெட்டிக்குள் போனது.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். அலமாரியை எடுத்தால் ஒரு சாண் என்ன, ஒரு முழமே கிடைக்கும். அரை நாள் வேலை. ஆனால் அத்தான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. படுக்கையைப் பின்பக்கமாக நீட்டிப் பார்த்தார். பின்கதவு மூடவில்லை. ஒரு சாண் திறந்தபடி கயிறு போட்டுக் கட்டிவிடலாம், திரை தைத்துத் தருகிறேன் என்று நானே சொன்னேன்.

"கதவு தெறந்து கெடந்தா எனக்கு எப்படித் தூக்கம் வரும்?" என்றார்.

"இது லிஃப்ட் இல்லீங்க, வேன்."

"எதுவா இருந்தா என்ன? கதவுன்னா மூடணும்."

"அப்ப அலமாரிய எடுங்க."

அத்தான் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். பெற்ற பிள்ளையை விடுதியில் சேர்க்கச் சொன்னது மாதிரி. "கொஞ்சம் கால மடக்கிக்கயேன். ஒரு ராத்திரிதான?"

நான் அந்த நேரத்தில் அங்கே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அக்கா சத்தம் போடவில்லை. அவளுக்குச் சத்தம் வராது. "மடக்க மாட்டேன்" என்றாள். "அந்த அலமாரி இருக்கிற வரைக்கும் நான் வண்டியில ஏறல."

மறுநாளிலிருந்து தொழிற்சாலைக்கு பஸ்ஸில் போனாள். அத்தான் வழக்கம்போல் வேனை எடுத்து கேட்டுக்கு வெளியே நிறுத்தி ஹாரன் அடிப்பார். அவள் வேனைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்கு நடப்பாள். அவர் கூடவே மெதுவாக ஓட்டிக்கொண்டு, "ஏறேன், நேரமாகுதில்ல" என்பார். மைக் செட் முழுத் தெருவுக்கும் நிலவரம் சொல்வார்: "இன்னைக்கும் ஏறலியே!" பெரியவள் ஊரிலிருந்து போன் செய்தாள். "சித்தி, என்ன நடக்குது அங்க? அப்பா வேனைப் பத்தி அழறாரு, அம்மா கேட்டா முதுகு நல்லாருக்குங்கிறாங்க." நான் என்னத்தைச் சொல்ல? உங்கம்மா நிமிர்ந்துவிட்டாள், அதுதான் பிரச்சினை என்றா சொல்வது?

சில வாரம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முற்றத்தில் ரம்பச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அத்தான் அலமாரிக்குப் பக்கத்தில் முட்டி போட்டிருந்தார். கடைசியில் மனசு இறங்கிவிட்டது, கழற்றுகிறார் என்று நினைத்து ஓடிப்போய் அக்காவைக் கூட்டி வந்தேன்.

கழற்றவில்லை. துளை போட்டிருந்தார்.

கீழே தட்டு வைக்கிற அறையின் பின்பக்கப் பலகையைச் சதுரமாக வெட்டி எடுத்திருந்தார். படுக்கையில் படுத்தால் பாதம் அந்தத் துளை வழியாக அலமாரிக்குள் போகும். துளைக்கு ஒரு குட்டிக் கதவு, கீல், காந்தம் எல்லாம் உண்டு. கால் உள்ளே இல்லாத நேரத்தில் மூடிக்கொள்ளலாம். மூடிக் காட்டினார். திறந்தார். மறுபடி மூடினார். காதைச் சாய்த்தார். டிக்.

"இதுல முழுசா நீட்டிக்கலாம். டேப் வச்சு அளந்துட்டேன். உன் அளவேதான்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஏறிப் படுத்தாள். அத்தான் பக்கத்தில் படுக்கப் போனபோது, "நீங்க கொஞ்சம் வெளியவே நில்லுங்க" என்றாள். கால்களைத் துளைக்குள் விட்டாள். இந்த முறை முழங்கால் எழவில்லை. தலை ஒரு முனை, கால் ஒரு முனை, முழு நீளத்துக்குக் கிடந்தாள். கண்ணை மூடினாள். நான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

பிறகு பக்கவாட்டில் புரளப் பார்த்தாள். துளையின் விளிம்பு கணுக்காலைப் பிடித்தது. மேல் இழுப்பறையின் அடிப்பலகை கால் விரலை இடித்தது. மறுபக்கம் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான்.

"திரும்பிப் படுக்க முடியலையே?"

"ஏன் திரும்பணும்?" என்றார் அத்தான். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "நேரா நீட்டிப் படுக்கத்தான டாக்டர் சொன்னாரு?"

அக்கா கண்ணைத் திறந்து வேனின் கூரையைப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரித்ததில் அலமாரி முழுக்கக் கிணுகிணுத்தது. அத்தானும் பாதி புரிந்து பாதி புரியாமல் சிரித்தார். சிரித்து முடித்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மேல் இழுப்பறையையும் எடுங்க" என்றாள். அத்தானின் சிரிப்பு நின்றது.

அலமாரிக்குள் போகிற கால்களுக்கென்று தனியாக ஒரு குட்டி மெத்தை தைத்துக் கொடுத்தேன். தையற்காரியாக நான் தைத்ததிலேயே அர்த்தமில்லாத பொருள் அதுதான். பக்கத்து அறையில் அடுப்பு, இந்த அறையில் கால். தட்டுகள் இப்போது ஒரு பையில் முன் இருக்கைக்கடியில் கிடக்கின்றன, பள்ளம் மேடு வரும்போதெல்லாம் சரிந்து பிரேக் பக்கம் போகின்றன என்று அத்தான் புலம்புகிறார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை ஏரிக்கரைக்குப் போய் வந்தார்கள். இரண்டாவது முறை எடுத்த போட்டோவை அக்கா போனில் காட்டினாள். மீன் பிடிக்க வந்த யாரோ எடுத்துக் கொடுத்தது. பின்னால் தண்ணீர், வேன். அக்கா தரையில் நேராக, இரண்டு காலையும் ஊன்றி நிற்கிறாள். அத்தான் பக்கத்தில் நிற்கிறார், வேனின் படிக்கட்டில் ஏறி. நான் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

வேன் இன்று காலையிலும் முற்றத்தில்தான் நின்றது. அக்கா அதில் ஏறித்தான் வேலைக்குப் போனாள். ஏரிக்கரையில் முழுசாக நீட்டிப் படுக்கிறாள், ஆனால் மல்லாந்து மட்டும். மேல் இழுப்பறை இன்னும் கழற்றப்படவில்லை. அடுத்த வாரம் பார்க்கிறேன் என்று அத்தான் சொல்லியிருக்கிறார்.